மெரினா வந்திருந்தாள்

அனுப்புநர்:
டோரீன் கஸ்பர், ஆசிரியை,
ஆர்டன்ஹில் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.

பெறுநர்:
பணிப்பாளர்,
இணையவழி கிளினிக் பதிவுச் சேவை,
கொழும்பு.

பொருள்: இருப்பிடம் தவறாகக் கணிக்கப்பட்டதால் என் தங்கையின் பெயரில் விழுந்த 'சமுகமளிக்கவில்லை' என்ற குறிப்பை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலுள்ள பாறையில் ஏறி உங்கள் இணையத்தளத்தைத் திறந்தேன். எங்கள் பிரிவில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். நான் இரத்தினபுரி மாவட்டத்தில் இருப்பதாகத் தளம் இன்றும் சொல்கிறது. நான் நின்றது நுவரெலியா மாவட்டத்தில். இரண்டும் வேறு வேறு மாகாணம்.

2. பாறைக்கு வரும் சிக்னல் மலைக்கு அப்பாலுள்ள கோபுரத்தினுடையது. வருபவர் எங்கிருக்கிறார் என்று பார்த்து, அந்த மாகாணத்தின் பட்டியலுக்கு அவரைத் திருப்பிவிடுவதே தளத்தின் முறை என்று உங்கள் உதவி எண்ணில் பேசியவர் பிறகு விளக்கினார். முகவரியை எழுதவும் ஒரு பெட்டி உண்டு. அது வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கேட்கிறது. லயத்து அறைகளுக்கு இரண்டும் கிடையாது. எங்கள் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கே வரும். ஆகவே தங்கைக்காகப் பதிந்தபோது 'தற்போதைய இருப்பிடம்' என்ற பொத்தானை அழுத்தினேன்.

3. தங்கை மெரினா கொழுந்து பறிப்பவள், வயது முப்பத்தெட்டு. மூச்சு வாங்குகிறது என்றதும் டாக்டர் இதயப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். 'ஆகஸ்ட் 12, இலக்கம் 14, உங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனை' என்று தளத்திலிருந்து பதில் வந்தது. மருத்துவமனையின் பெயர் இல்லை. எங்களுக்கு அருகிலுள்ளதற்கே போனோம். "பதினாலாம் நம்பர்தானக்கா, பகல் சோத்துக்கு வீட்டுக்கு வந்துருவோம்" என்று பஸ்ஸில் சிரித்தாள். அங்கே பட்டியலில் அவள் பெயர் இல்லை. பணியாளர் மரியாதையாகவே மூன்று முறை தேடினார். கிடைத்த அடுத்த திகதி ஏழு வாரங்களுக்கு அப்பால்.

4. அதிலிருந்து பதினேழாம் நாள் கொழுந்து மலையில், முதுகில் கூடையோடு விழுந்தாள். தூக்கி வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து, அவள் பதிவை நீக்கலாம் என்று தளத்தைத் திறந்தபோதுதான், அவள் வரவில்லை என்ற அந்தக் குறிப்பைக் கண்டேன். மலைக்கு அப்பாலுள்ள மருத்துவமனையில் அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் அவள் இங்கே, ஞாயிறு பூசைக்கு உடுத்தும் சேலையில், ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐயா, அவள் வந்திருந்தாள்.

5. அந்தக் குறிப்பை நீக்கித் தாருங்கள். முகவரியில் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் தளம் ஏற்கச் செய்யுங்கள். அதே பாறையிலிருந்து நான் பதிந்து கொடுத்த இன்னும் பதினொரு பேரின் விவரத்தை இணைத்துள்ளேன். அவர்களை உரிய பட்டியலுக்கு உடனே மாற்றுங்கள்.

6. மெரினாவின் கணவர் ஜீவராஜ், தவறு ஆஸ்பத்திரியினுடையது என்றே நினைத்திருக்கிறார். நானும் இதுவரை வாய் திறக்கவில்லை. இம்மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டு அவரிடம் போய், அந்தப் பொத்தானை அழுத்தியது நான்தான் என்று சொல்லப் போகிறேன். இந்த முடிவை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. தங்களுக்கே முதலில் எழுதுகிறேன்.

திருத்தத்துக்குக் காத்திருக்கும்,
டோரீன் கஸ்பர்
(கையொப்பம்)

இடம்: மஸ்கெலியா
திகதி: 15.09.2025