சிந்தசைசர்காரர் வருகிறார்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி செருப்பு அலமாரி மேல். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

உங்களுக்குப் பழைய சிந்தசைசர் கீபோர்டை விற்றவர் போன் பண்ணினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. என் வீட்டம்மா வாசிச்ச மெட்டு ஒண்ணு அதுல பதிஞ்சிருக்கு. அவ போன துக்கத்துல மறந்து வித்துட்டேன். அதை மட்டும் காப்பி எடுத்துக்கறேன்" என்றார். எப்படியிருக்கும் என்று கேட்டேன். முனகிக் காட்டினார்.

நம் கல்யாண நாளன்று விளக்கை அணைத்துவிட்டு, "உனக்காகவே நான் போட்ட மெட்டு" என்று ஒரு பட்டனை அமுக்கினீர்களே, அதேதான். நான் அக்காவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். வாங்கப் போன இடத்தில் ஒவ்வொரு கட்டையாக அமுக்கி, ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தீர்கள். உள்ளே பதிந்திருந்ததையும் அப்போதே பார்த்துவிட்டீர்கள் போல.

"பேட்டரிய மட்டும் கழட்டிடாதீங்கம்மா, எல்லாம் அழிஞ்சிடும்" என்றார். நீங்கள் போன மாதமே கழற்றி மாற்றியாயிற்று. அதற்கப்புறம் அந்த மெட்டைப் போடச் சொன்னால் ஏன் மூடு இல்லை, மூடு இல்லை என்றீர்கள் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

சாயங்காலம் வருகிறார். காபி கொடுங்கள். சர்க்கரை தீர்ந்துவிட்டது.

பி.கு.: அழிந்துபோனதை நான் சொல்லவில்லை. உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

இன்னொன்று. "என் வீட்டுக்காரருக்கு அந்த மெட்டு தலைகீழாத் தெரியும், உங்க எதிர்லயே உட்கார்ந்து கையால வாசிச்சுக் காட்டுவார்" என்று சொல்லியிருக்கிறேன். மனுஷன் போனிலேயே அழுதுவிட்டார்.