ஆறாம் எண் பேரிங்

நாள் 212 / 06:10
நிலவின் தென்முனை, முகட்டு நிலையம். பதிவு: ஸ்டெல்லா ஞானசெல்வி, உராய்வியல் ஆய்வாளர். ஆள் எண்ணிக்கை ஒன்று. கம்பத்து மோட்டாரின் மின்னோட்டம் 0.41 ஆம்பியர். பேரிங் வெப்பம் சரி. ஆக்சிஜன் சரி.

இதை எடுத்துப் படிக்கப்போவது யாரோ தெரியாது, ஆகவே ஒருமுறை விளக்கிவிடுகிறேன். இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. அடிவானத்தை ஒட்டியே மாதத்துக்கு ஒரு வட்டம் அடிக்கும். பன்னிரண்டு மீட்டர் கம்பத்தின் உச்சியில் இருக்கும் சூரியத் தகடுகள், நாளுக்குப் பன்னிரண்டு பாகை வீதம் அதன் பின்னாலேயே திரும்ப வேண்டும். கம்பம் திரும்புவது அடியிலுள்ள ஒரே ஒரு பேரிங்கின் மேல். பேரிங் நின்றால் மின்சாரம் நிற்கும், பிறகு சூடு, பிறகு மூச்சு. இருபது வருடம் பேரிங்கைப் படித்தவளுக்குப் பேரிங்கின் மேலேயே குடித்தனம். யாருடைய ஏற்பாடோ, நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னும் பதின்மூன்று நாளில் மாற்று ஆட்கள் நாலு பேர் வருகிறார்கள். அதே கப்பலில்தான் நான் ஊர் திரும்ப வேண்டும்.

நாள் 213 / 06:05
மின்னோட்டம் 0.58. பிடிக்கவில்லை.

இந்த வெற்றிடத்தில் எண்ணெய் ஆவியாகும், குளிரில் கிரீஸ் கல்லாகும். எனவே உலர் மசகுதான்: மாலிப்டினம் டைசல்பைடு என்ற கறுப்புப் படலம், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு. வெற்றிடத்தில் அதைப்போல் வழுக்கும் பொருள் அபூர்வம். ஆனால் ஈரக்காற்றில் வைத்து ஓட்டினால் அரைமணியில் கெட்டுப்போகும். இதை என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

நாள் 214 / 15:40
0.97. பிறகு 1.6. பிறகு மோட்டார் தானே அணைந்துகொண்டது. கம்பம் அசையவில்லை. இன்று முதல் சூரியன் தகடுகளைவிட்டு விலகிப் போகும்.

நாள் 215 / 09:00
அடைப்பைத் திறந்து பார்த்தேன். பேரிங் குண்டுகளில் கறுப்புப் படலமே இல்லை. வெறும் எஃகு பளபளக்கிறது, தூள் உதிர்ந்து கிடக்கிறது. ஈரத்தில் ஓடிய படலம் இப்படித்தான் சாகும். எங்கே ஓடியது என்பது எனக்குத் தெரியும்.

போன வருடம் ஆயுத பூஜை. எங்கள் பட்டறையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். பெட்டிக்குப் பொட்டு வைத்தால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. என் மைக்ரோஸ்கோப்புக்கு வருடா வருடம் நானே வைப்பேன். ஆனால் பூஜை போட்ட மெஷினை ஒரு சுற்று ஓட்டியே தீர வேண்டும் என்பது அங்கே பழக்கம். ஃபோர்மேன் ஆறுமுகநயினார், ஆறாம் எண், ஏழாம் எண் பேரிங்குகளை உலர் நைட்ரஜன் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் மாட்டினார். “நல்ல நாளும் அதுவுமா சும்மா கெடந்தா நல்லாவா இருக்கும்?” என்றார். ஓட்டினார்கள். படம் எடுத்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு முறை சுவிட்சைத் தட்டினார்கள். நாற்பது நிமிடம். வெளியே அடைமழை, ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது.

நான் கையில் பொரிப் பொட்டலத்தோடு நின்றேன். “நிறுத்துங்க” என்ற ஒரு சொல் போதும். அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி ஏதோ சொல்லப்போய், “அந்தம்மாவுக்கு நம்ம பூஜைன்னாலே ஆகாது” என்று கேன்டீனில் பேசினார்கள். என் பெயர் ஸ்டெல்லா, அவர்களுக்கு அது போதும். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சோதனைத் தாளில், ‘உலர் நைட்ரஜனில் மட்டும் ஓட்டப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். நாற்பது நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கேடுகெட்டவள்.

10:30
உதிரிப்பாகப் பட்டியலைப் பார்த்தேன். ஆறாம் எண் என் காலடியில். ஏழாம் எண் என்னை அழைத்துப்போக வரும் கப்பலின் தகடுகளில்.

11:15
பூமியிலிருந்து இயக்குநர் வைகுந்தம் பேசினார்: “ஸ்டெல்லா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. பேரிங்ல கோளாறுன்னா லாஞ்சை நிறுத்தணும். எல்லாத்தையும் கழட்டிப் பார்க்க நாலு மாசம் ஆகும். நிலாத் தூசி போயிருக்கும்ல? தூசிதானே?”

நாலு மாதம். பேட்டரியில் எனக்கு இருப்பது பதினோரு நாள்.

“ஆமா சார். தூசிதான்.”

நாள் 217 / 13:20
வெளியே போய், ஒன்றரை மீட்டர் குழாயை ஸ்பேனரில் செருகிக் கம்பத்தைக் கையால் தள்ளினேன். நாலு மணி நேரத்தில் நாற்பது பாகை. பல் உடைந்தது, சக்கரத்தின் பல்தான். இனி கம்பம் ஒரு நூல்கூட நகராது. நாற்பது பாகையில் கிடைத்தது மூன்றரை நாள்.

நாள் 221 / 10:00
கிளம்பிவிட்டார்கள். கப்பலை ஓட்டுவது தமயந்தி, முப்பத்தொரு வயது, கோவில்பட்டிக்காரி. பயிற்சியில் ஒரு வருடம் என் அறையில்தான் தங்கினாள். அவள் பேசினாள்: “அக்கா! நாலு நாள்ல வந்துர்றோம். பக்கோடா கேட்டீங்கள்ல, விட மாட்டேன்னுட்டாங்க. ஊறுகாய்தான் விட்டாங்க. அதுக்கே நாலு கையெழுத்து.”

சிரித்தேன். சிரிக்க முடிந்ததே, அதைச் சொல்லுங்கள்.

நாள் 223 / 18:00
உள்ளே நாலு டிகிரி. விளக்கை அணைத்துவிட்டேன். ஏழாம் எண் நன்றாக இருக்கலாம். மேஜையில் அது ஷட்டருக்குத் தள்ளியே இருந்தது. இரண்டு அடி தள்ளி. இதைத்தான் காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டு அடிக்கு ஈரம் எவ்வளவு குறையும் என்று.

நாள் 224 / 11:20
தமயந்தி: “அக்கா, பேனல் மோட்டார் ஒன்றரை மடங்கு இழுக்குது. சார்கிட்ட கேட்டா நார்மல்ங்கறாரு. எனக்கு நீங்க சொன்னாதான் நிம்மதி. நார்மல்தானே?”

“பார்த்துச் சொல்றேன்” என்றேன். பார்க்க ஒன்றுமில்லை.

11:26
நாளை 08:40க்கு எஞ்சினை எரித்தால் நிலவைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். சுற்ற ஆரம்பித்தால் தகடுகள் நாளுக்குப் பன்னிரண்டு முறை புரள வேண்டும். ஏழாம் எண் தாங்காது. பிறகு நாலு பேருக்கும் திரும்ப வழியில்லை. எரிக்காவிட்டால் நிலவின் பின்னால் வளைந்து, தானாகவே பூமிக்குப் போய்விடுவார்கள். நான் இங்கே.

நான் ஆமாம் என்றால் நம்புவாள். ஏழாம் எண் சிக்குவதற்குள் அவர்கள் இறங்கிவிட்டால் நான் பிழைப்பேன்; அதற்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஐந்தில் ஒன்று. எனக்கு உயிர்மேல் ஆசை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆசை.

11:41
சொல்லிவிட்டேன். பூஜை, மழை, கையெழுத்து, தூசி எல்லாம். எஞ்சினை எரிக்காதே, தகடுகளைச் சூரியன் பக்கம் வைத்துப் பூட்டிவிடு, திரும்ப வேண்டுமானால் கப்பலையே திருப்பு என்றேன்.

ரேடியோவில் பின்னால் யாரோ அழுதார்கள். தமயந்தி அல்ல.

“எப்பலேர்ந்துக்கா தெரியும்?”

“ஒன்பது நாளா.”

“நாங்க கெளம்புறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமா.”

12:10
வைகுந்தம்: “குளிர்ல அவங்களுக்கு மூளை கலங்கிருச்சு. தமயந்தி, நீங்க திட்டப்படி போங்க.”

பாவி.

நாள் 225 / 08:40
எரிக்கிறார்களா தெரியவில்லை. பேட்டரி 9%. விரல் வளையவில்லை, குரலில் பதிகிறேன்.

08:47
எரிக்கவில்லை. கடந்து போகிறார்கள். ஜன்னலில் ஒரு புள்ளி, வேகமாக. நல்ல பெண். நல்ல

08:51
இன்னும் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுவார்கள். “தமயந்தி, பூட்டைக் கழட்டிராதம்மா. பத்திரமா போயிட்டு வாங்க” என்றேன்.

பதில் வந்தது.

“சரிங்க மேடம்.”