எட்டாவது புகைக்குழாய்

மூச்சாக உள்ளே வந்து சொல்லாக வெளியே செல்லும் பரம்பொருளே, இந்தத் தாளில் பொய் புகாமலும், சொல்ல வேண்டியது விடுபடாமலும் காத்தருள்க.

அன்பிற்குரிய தம்பிக்கு, உன் அண்ணனின் எதிர்வீட்டில் குடியிருக்கும் பழைய மெய்ப்புத் திருத்துநன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நீயும் உன் இல்லத்தரசியும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீ கோபமாகப் படியிறங்கிப் போன அன்று, மறந்துபோன உன் குடையைத் தெருமுனைவரை ஓடிவந்து கொடுத்தேனே, அந்தக் கிழவன்தான். என் காது தொலைபேசிக்கு உதவாது. கை இன்னும் எழுத்துக்கு உதவுகிறது. இன்று திங்கட்கிழமை. புதன் பகலுக்குள் உன்னிடம் சேர்த்துவிடுவதாகக் கூரியர்க்காரர் உறுதி சொன்னார். பழம்பாடல்களில் பிரிந்தவரை அழைத்துவர மேகத்தையும் நாரையையும் தூது விடுவார்கள். அவை ரசீது தருவதில்லை, இவர் தருகிறார். அந்த அளவில் நம் காலம் மேலானது.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனுக்கு நாக்கின் இடது ஓரத்தில் புற்று. இப்போதைக்குச் சிறியது. வருகிற வெள்ளிக்கிழமை காலை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இதற்கு முன் இரண்டு நாள் குறித்து, இரண்டையும் அவரே தள்ளிவைத்தார். இதையும் தள்ளிவைத்துவிடுவார் என்று அஞ்சுகிறேன்.

இதை யாரிடமும் சொல்லக்கூடாது, உன்னிடம் சொல்லவே கூடாது என்று என் பூசை அலமாரியின் முன் நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயால் சொல்லவில்லை, கையால்தானே எழுதினேன் என்று இறைவனிடம் வழக்காட எனக்கு மனமில்லை. சத்தியத்தை அறிந்தே மீறுகிறேன். அதன் பலன் என்னைச் சேரட்டும்.

எப்படித் தெரிய வந்தது என்பதை நீ அறிய வேண்டும், ஏனெனில் அதில் என் குற்றமும் இருக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் உன் அண்ணன். லிஃப்ட் ஏறியிறங்கும் கிணற்றுக்குள் நெருப்பு ஆகாது என்பதால், பற்றவைக்காத புகையிலைப் பைப்பை வேலை முடியும்வரை பல்லில் கவ்விக்கொண்டே இருந்து பழகியவர். ஓய்வு பெற்ற பின் அந்தப் பழக்கம் பெரும் பொழுதுபோக்காகிவிட்டது. பழம்பொருள் சந்தையில், யார் யாரோ புகைத்துக் கழித்த பைப்புகளை வாங்கி வருவார். புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் உட்கரியைச் சுரண்டி, உப்பும் ஸ்பிரிட்டும் இட்டு ஊறவைத்து, தண்டின் துளையில் பஞ்சு சுற்றிய கம்பியை அது வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விட்டு எடுப்பார். பிறகு பைப்பைக் கடைந்தெடுத்த அந்த வேர்க்கட்டையை மெழுகிட்டுத் தேய்க்கத் தேய்க்க, உள்ளே உறங்கிய ரேகைகள் தீநாக்குகள் போல மேலெழும். அப்போது அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும். எண்ணிக்கை அறுபத்து மூன்றை எட்டியதும், அடியார்களின் கணக்கு நிறைந்துவிட்டது, இனிப் போதும் என்றேன். மறுநாளே இன்னொன்றை வாங்கி வந்து, "இப்போ அறுபத்து நாலு. கலைகள் கணக்குல வெச்சுக்குங்க ஐயா" என்றார்.

அவற்றுள் தாம் புகைப்பதற்கென்று ஏழு. கிழமைக்கு ஒன்று. ஒருமுறை புகைத்த பைப்பின் ஈரம் உலர வேண்டும், இல்லையேல் கசக்கும் என்பார். "மனுஷனுக்கு ஆறு நாள் வேலை, ஒரு நாள் லீவு. என் பைப்புக்கு ஒரு நாள் வேலை, ஆறு நாள் லீவு. அடுத்த பிறவியில நான் பைப்பாத்தான் பொறக்கணும்" என்று அவர் சொல்லாத வாரமில்லை. மாலையில் நான் ஒரு பாடல் ஓதி முடிக்கும்வரை தீக்குச்சி கிழிக்க மாட்டார். முடித்ததும் நிதானமாக நிரப்பி, ஒருமுறை பற்றவைத்து, பொங்கி எழும் புகையிலையை அழுத்தி, மறுமுறை பற்றவைப்பார். பிறகு ஒரு மணி நேரம் அது அணையாமலும் எரியாமலும் கனலும். "இழுக்கணும்னு நெனச்சா நாக்கு சுடும். அது இருக்குன்னே மறந்துடணும். உங்க தியானம் மாதிரி" என்பார். காற்று வரும் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வேனே தவிர, அந்தப் புகையிலையின் உலர்பழ வாசனை எனக்கும் பிடித்திருந்தது என்பதை இந்த வயதில் மறைக்கப் போவதில்லை.

பைப்புகளின் விவரங்களை அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. கிண்ண விளிம்பில் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்து, பழைய உரிமையாளர் எந்தக் கைக்காரர் என்று சொல்லிவிடுவார். கவ்வும் முனையில் பல் தடம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, வாயின் எந்தப் பக்கம் கவ்வினார் என்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "இந்த ஆளு வருஷக்கணக்கா இடது பக்கம் கடிச்சவன். கடைசியில வலது பக்கம் மாத்தியிருக்கான். பல்லு வலின்னா அடுத்த பல்லுக்குப் போயிருப்பான். பக்கத்தையே மாத்தினான்னா நாக்குல ஏதோ ஆயிருக்கு. இதை அவன் விக்கல ஐயா. அவன் வீட்டுக்காரங்க வித்திருக்காங்க."

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை, தீப்பெட்டியைத் தேடுவதற்காகத் தம் பைப்பை என் கையில் கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் எழுத்துப் பிழை பார்த்த கண் சும்மா இருக்குமா? இடப்பக்கத்துப் பழைய தடங்களுக்கு எதிராக, வலப்பக்கம் சாய்ந்து இரண்டு புதிய தடங்கள். மறுநாள் வியாழனுக்குரியதைப் பார்த்தேன். அதிலும் இருந்தன.

தம்பி, எட்டு வாரம் நான் வாய் திறக்கவில்லை. பல்வலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நோட்டுப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே விடை இருந்தும், கேட்டால் மாலைப்பொழுது கெட்டுவிடுமே என்று அஞ்சினேன். கண்ணில் பட்ட பிழையைத் தெரிந்தே விட்டது என் வாழ்நாளில் அது ஒன்றுதான். கடைசியில் ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவருடைய புதன்கிழமைப் பைப்பை அதன்மேல் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். "உங்களுக்குப் போய்ப் படிக்கச் சொல்லிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று சிரித்தார். மறுநாள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன்.

மருத்துவர் அம்மையார் ஒளிக்காமல் பேசினார். இப்போது எடுத்தால் நாக்கின் ஓரம் கொஞ்சம் போகும், பேச்சு கொஞ்சம் குழறும், உயிருக்குப் பெரும்பாலும் பயமில்லை என்றார். உன் அண்ணன், "ரெண்டு மாசம் பாப்போமே டாக்டர். எதையும் வேகமா இழுத்தா கருகிடும்" என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை அவர் நாளைத் தள்ளியபோது, "அடுத்த தடவை வாங்க. அப்ப நான் பேசுற பேச்சே வேறயா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். உடன்வருபவர் உறவினராக இருந்து கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். நான் போடுகிறேன் என்றேன்; எதிர்வீடு உறவாகாது என்றுவிட்டார்கள். அவருக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. "கையெழுத்துப் போட எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்கிறார், நீ ஒருவன் இருப்பதே தெரியாதவர் போல.

கடந்த சனிக்கிழமை அவர் கேட்ட ஒன்றுதான் என் உறக்கத்தைப் பறித்தது. நோட்டுப் புத்தகத்தில் புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். அதன் தலைப்பு, "யாருக்கு". அறுபத்து நான்குக்கும் ஆள் சொல்லிவிட்டார். மருத்துவமனைக்குப் போகிறவர் பையில் துணி எடுத்து வைப்பார். இவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார்.

இதுவரை எழுதியபோது உன் அண்ணனே உள்ளே வந்துவிட்டார். தாளைப் பாராயண நூலின் அடியில் செருகினேன். "யாருக்கு ஐயா இவ்வளவு நீளமா?" என்றார். ஒரு சொந்தக்காரருக்கு என்றேன். உண்மைதானே, யாருக்குச் சொந்தம் என்று அவர் கேட்கவில்லை. அவர் கையில் உங்கள் அப்பாவின் பைப் இருந்தது.

ஆம், அதுதான். அப்பா போன மறுவாரம் நீ மொட்டைமாடிக் காற்றில் நின்று வேகவேகமாக இழுத்து, கிண்ணத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழ எரித்தாயே, அதே பைப். "அவசரக்காரன் கையில குடுத்தது எது உருப்பட்டிருக்கு?" என்று அவர் கத்தியதும், நீ படியிறங்கியதும் எனக்குக் கேட்டன; அப்போது என் காது நன்றாயிருந்தது. உனக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அதை அவர் எறியவில்லை. வேறொரு பழைய வேர்க்கட்டையிலிருந்து விரல்நகம் அளவு துண்டு செதுக்கி, ரேகைக்கு ரேகை பொருந்தும்படி அந்த ஓட்டையை அடைத்திருக்கிறார். அந்த வேலைக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாது, தடவினால் விரலுக்குத் தெரியும். ஏழு பைப் நிற்கும் அவருடைய தாங்கியில் எட்டாவது குழி ஒன்று உண்டு. அடைத்து முடித்த நாள்முதல் அப்பாவின் பைப் அங்கேதான் நிற்கிறது. அவர் அதில் புகைத்ததில்லை.

அதை என் மேசைமேல் வைத்து, "இதையும் ஏத்துங்க" என்றார். வேப்பங்காய் கடித்தவர்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இப்போதே நாக்கு அவருக்குக் கனக்கிறது. "அப்பாவோட பைப். தம்பி கையில ஓட்டை விழுந்தது. அண்ணன் அடைச்சது." எழுதினேன். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காததைச் சொன்னார்: "அப்பாவுக்கு நெஞ்சு வலின்னதும் அவன் வண்டியை எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னான் ஐயா. நான்தான் ஞாயித்துக்கிழமை கழியட்டும், பொறுன்னு சொன்னேன். அன்னிக்கு அவன் அவசரப்பட்டதுதான் சரி. அதை அவன்கிட்ட சொல்ல வாய் வரல. பைப்புக்காகக் கத்தினேன்." பைப்பை என் பக்கம் நகர்த்தி, "யாருக்குங்கற எடத்துல தம்பிக்குன்னு போடுங்க" என்றார். கூடவே, வெள்ளிக்கிழமையை அடுத்த மாதத்துக்கு மாற்றச் சொல்லி நாளைக்குள் மருத்துவமனைக்குப் பேசப் போவதாகவும் சொன்னார்.

நான் எழுதவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். அந்தப் பேனாவால்தான் இப்போது எழுதுகிறேன். சத்தியத்தை மீறிய கையோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. அவர் போன பிறகு மருத்துவமனைக்கு நேரில் நடந்து போய், அவர் பேசினாலும் வியாழன் மாலைவரை வெள்ளிக்கிழமை இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அந்த அம்மையாரிடம் கேட்டுக்கொண்டேன். உறவினர் வருகிறாரா என்று கேட்டார். வருகிறார் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யா மெய்யா என்பது இப்போது உன் கையில் இருக்கிறது.

பேருந்து ஓட்டுநரான நீ வண்டியை நேரத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறாய் என்று பயணிகள் புகார் சொல்வதாக முன்பு கேள்விப்பட்டுச் சிரித்திருக்கிறேன். தம்பி, அந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லையே? இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மனைவியிடம் கலந்து, விடுப்புக்கு எழுதி, நல்ல நேரம் பார்த்துப் புறப்படாதே. நாள் கோள் பார்த்தே எழுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்த நான் சொல்கிறேன். அவர் உன்னைக் கண்டதும் திட்டுவார். திட்டட்டும், அந்தச் சொற்கள் தெளிவாக வரும் காலத்திலேயே கேட்டுக்கொள். பொறுமையால் ஆகக்கூடியதையெல்லாம் அவர் செய்து முடித்துவிட்டார். இனி ஆக வேண்டியதற்கு உன் அவசரம் வேண்டும். எட்டாவது பைப்பின் கட்டத்தை வெறுமையாகவே வைத்திருக்கிறேன். அதை நோட்டுப் புத்தகம் உனக்குத் தர வேண்டாம். அவர் கை தரட்டும்.

வரும் வழியெல்லாம் இறைவன் உனக்குப் பச்சை விளக்காகவே காட்டுவானாக. உன் இல்லாளும் மக்களும் நோயின்றி நீடு வாழ்க. உன் வீட்டில் எவர் வாயிலும் கசப்புத் தங்காதிருக்க. கதவைத் தட்ட வேண்டாம், தம்பி. வியாழன் முழுதும் என் வாசல் திறந்தே இருக்கும்.

உன் வரவை எண்ணி நிற்கும்,
எதிர்வீட்டுக் கிழவன்