கம்பெனியைக் கேட்கும் பொத்தான்

மார்ச் 3, திங்கள்

எங்கள் மருத்துவமனையில் நோயாளியை என்ன செய்வது என்று டாக்டர் முடிவு செய்வதில்லை. பில் கட்டும் பனியன் கம்பெனி முடிவு செய்கிறது. நெருப்பெரிச்சல் ரோட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அடிபட்ட தொழிலாளியோடு சூப்பர்வைசர் வருவார். ஸ்கேன் எடுக்கலாமா, கோவைக்கு அனுப்பலாமா என்றால், அவர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து தலையாட்ட வேண்டும்.

இதே மருத்துவமனையில்தான் இன்று முதல் எங்களுக்கு, அவசர நேரத்தில் முடிவெடுக்கப் பயிற்சி. வீடியோ கேமில். சீஃப் மகுடேஸ்வரன் சார் ஆறு டேப்லட் வாங்கி வைத்திருக்கிறார். "வெளையாட்டுன்னு நெனைக்காதீங்க கண்ணு. அமெரிக்காவுலயே டாக்டருங்க இப்படித்தான் படிக்கறாங்களாமா."

மார்ச் 5

கேமில் எனக்குப் பொன்னிறத் தலைமுடி. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. இங்கே ஏசி ரிப்பேர். என் வியர்வை அந்தப் பனிமேல் சொட்டுகிறது.

நோயாளி நடந்து வருவார், சிரித்துப் பேசுவார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். நாடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் திரை சிவக்கும். நல்ல கேம்தான், ஒப்புக்கொள்கிறேன். நன்றாக இருப்பதுபோல் தெரியும் நோயாளியை நம்பாதே என்று காலேஜில் எழுதிப் பாஸ் செய்தேன். கேமில்தான் பயந்து கற்றுக்கொண்டேன்.

ஒரே குறை. அந்த ஊரில் சூப்பர்வைசர் கிடையாது.

மார்ச் 7

பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் கருத்துக் கேட்டார். 'கம்பெனியைக் கேள்' என்று ஒரு பொத்தான் வைக்கச் சொன்னேன். அழுத்தினால் ரிங் மட்டும் போக வேண்டும், யாரும் எடுக்கக் கூடாது. சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

மார்ச் 8

நான் முதலிடம். ஒரு நோயாளிக்குச் சராசரியாக நாற்பது வினாடி. பரிசு ஒரு டி-சர்ட், சீஃபின் மச்சான் கம்பெனியில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஆனது. அதில் ஒரு கை மட்டும் நீளம். வாசலில் என் படத்தோடு ஃப்ளெக்ஸ்: 'நொடியில் முடிவெடுக்கும் டாக்டர் யாழினி.'

மார்ச் 11, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

மதியம் இரண்டு ஐந்துக்கு மூக்கம்மாள் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, சாத்தூர்ப் பக்கத்துக்காரர். குடோனில் துணி ரோல் சரிந்து இடது விலாவில் விழுந்திருக்கிறது. நடந்துதான் வந்தார். "ஒண்ணுமில்ல தாயி, லேசா மூச்சுப் பிடிக்கி. சாயங்காலத்துக்குள்ள இன்னிக்குப் பீஸ் கணக்க முடிக்கணும், சீக்கிரம் விடு."

கூட வந்த சூப்பர்வைசர் ஜெபக்குமார் என்னைத் தனியே கூப்பிட்டார். இந்த வாரம் பையர் ஆடிட்டாம், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதிக்க வந்திருக்கிறார்களாம். "வெள்ளக்காரன் உள்ள உக்காந்திருக்கான் டாக்டர். வீட்ல வழுக்கி விழுந்தாங்கன்னு எழுதிருங்க." எழுதினேன். இங்கே எல்லோரும் எழுதுவதுதான். கை தானாகப் போயிற்று.

நாடி 118. இடது தோளில் வலி. தோளில் அடியே இல்லை. நானே வைத்துப் பார்த்த ஸ்கேனில் மண்ணீரலைச் சுற்றி ரத்தம். கேமில் இது இரண்டாவது லெவல். எங்களிடம் சர்ஜனும் இல்லை, ரத்த வங்கியும் இல்லை. கோவைக்கு அனுப்ப வேண்டும். நாற்பது வினாடிகூட வேண்டாம்.

நான் ஜெபக்குமாரிடம் சொன்னது: "கோவைக்கு அனுப்பணும், கம்பெனில கேளுங்க."

ஏன் கேட்கச் சொன்னேன்? யாரும் மிரட்டவில்லை. அனுப்பக் கூடாது என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானேதான் சொன்னேன். நானே!

கம்பெனியின் எச்.ஆர். ஆடிட்டர்களோடு மீட்டிங்கில். போன் எடுக்கவில்லை. சீஃபைக் கூப்பிட்டேன். "அவங்க ஒரு வார்த்தை சொல்லீறட்டும் கண்ணு. அதுவரைக்கும் டிரிப் ஓடட்டும்." ஓடியது. மூக்கம்மாளின் வயிறு இறுகிக்கொண்டே போனது. பீஸைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு ஒழுங்காக.

நாலே முக்காலுக்கு ஜெபக்குமாரே உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது. "என் வேல போனாப் போகுது. அனுப்பிருங்க டாக்டர்."

அப்போதுதான் அனுப்பினேன். அப்போதும் ஒரு சூப்பர்வைசர் சொல்லித்தான்.

மார்ச் 12

கோவை சர்ஜன் போன் செய்தார். உங்களிடம் எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டார். அவிநாசி ரோட்டில் டிராஃபிக் என்றேன். கேட்டதற்கு அதுவா பதில்?

மார்ச் 13

காலையில் மூக்கம்மாள் இறந்துவிட்டார்.

மார்ச் 15

பயிற்சியாளரின் மெயில். நம் ஊருக்கான பதிப்பில் பனிக்குப் பதிலாக வெயில் வருமாம். என் பொத்தானை மட்டும் சேர்க்கவில்லை. காரணம்: 'நம்பும்படியாக இல்லை.'

மார்ச் 17, திங்கள்

மூக்கம்மாளின் மகள் நதியா வந்தாள். அதே கம்பெனியில் டெய்லர். அழவில்லை. நான் கையெழுத்திட்ட பதிவின் ஜெராக்ஸை நீட்டினாள். நஷ்டஈடு கேட்டு எங்கே போனாலும் இதைத்தான் காட்டித் திருப்பி அனுப்புகிறார்களாம்.

"வீட்ல வழுக்கி விழுந்துச்சுன்னு எழுதிருக்கீங்க. எங்க வீடு பத்துக்குப் பத்து டாக்டர், நாலு பேரு இருக்கோம். வழுக்குறதுக்கு அங்க எங்க எடமிருக்கு?"

ஜெராக்ஸை மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 18

நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். விபத்து நடந்தது கம்பெனிக் குடோனில். பதிவேட்டில் நான் எழுதியது பொய். இரண்டு ஐந்துக்கு வந்தவரை நாலே முக்கால்வரை வைத்திருந்தேன். எனக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை, ஆனாலும் காத்திருந்தேன். பதிவைத் திருத்த வேண்டும். கையெழுத்து, தேதி.

சீஃப் நின்றபடியே படித்தார். "ஏனுங்க கண்ணு, உங்க லைசென்ஸே போயிருமுங்க" என்றார், நிஜமான அக்கறையோடு. கடிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

வரவேற்புக்குப் போனேன். தபால் வாங்குவது சுபஸ்ரீயின் வேலை. ஒரிஜினலை அவள்முன் வைத்து, நகலை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த சீஃபின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பின்னால் டோக்கனுக்கு வரிசை நீண்டது. நான் நகரவில்லை. ஐந்து தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, வரிசையே அமைதியாகிவிட்டது.

"வாங்கிக்கிட்டோம்னு சீல் போட்டுக் குடுங்க, சுபஸ்ரீ."