ஐநூற்று இருபத்தேழு கிராம்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

மூன்றாம் மேசைக்குத் துணி மாற்றியாயிற்று. இடுப்பு விட்டுப்போச்சு. எங்கள் உப்பளம் பேட்டையில் ஸ்நூக்கர் பார்லர் நடத்துகிறவன் பாதி தச்சனாகவும் பாதி தையற்காரனாகவும் பிறந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் தனிஸ்லாஸ் வந்தான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பாடம் நடத்திவிட்டு நேராக இங்கேதான் வருவான். தன் கியூ கோலை என்னிடம் நீட்டி, "கனம் அடிக்குதுடா ஷஃபீக்கு. பேலன்ஸ் எங்கயோ போயிடுச்சு, பாரு" என்றான்.

இருபத்திரண்டு வருடமாக அதே கியூதான். அவன் கைக்கேற்ற எடையை வைத்துக் கொடுத்தவன் நான். தராசில் வைத்தேன். ஐநூற்று இருபத்தேழு கிராம். பழைய நோட்டிலும் அதேதான் எழுதியிருக்கிறது. விரல்மேல் கிடத்தினேன். எப்போதும் நிற்கிற இடத்தில் ஆடாமல் நின்றது.

"கடக்காத்துல மரம் தண்ணி குடிச்சிருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. அடிப்பக்க ரப்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் எடை போல்ட்டுகளில் ஒன்றை எடுத்தேன். பதினைந்து கிராம் குறைந்தது. இரண்டு ஃப்ரேம் ஆடிவிட்டு, "இப்பத்தான்டா இது என் கியூ" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

31 மார்ச், திங்கள்

பெருநாள். வழக்கம்போல் தனிஸ்லாஸும் அவன் மனைவி லினெட்டும் சாப்பிட வந்தார்கள். அவர்கள் போன பிறகு என் மனைவி அரீபா கேட்டாள்: "அண்ணன் ஸ்பூன்ல சாப்ட்டாரே, பாத்தீங்களா?"

"அவங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவரு. சொல்தா வூட்டுப் புள்ள ஸ்பூன்லதான் சாப்புடும்" என்று சிரித்தேன்.

"இத்தன வருஷமா நம்ம வூட்டுல கையாலதான சாப்ட்டாரு?"

தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் தட்டு எடுக்கிற ஆள் இல்லை.

12 ஏப்ரல், சனி

திரும்பவும் கனமாம். போர்டில் எழுதினாலும் கை கடுக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "வயசாச்சுடா வாத்தியாரே" என்று கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான்.

இன்னொரு போல்ட்டை எடுத்தேன். இதில் ஒரு வில்லங்கம்: அடியில் எடை குறைந்தால் கியூவின் முன்பக்கம் பாரமாகத் தெரியும். ஆகவே முன்பாகத்தை உப்புத்தாளால் இழைத்து மெலிய வைத்தேன். இரண்டு நாள் வேலை. இந்த ஊரில் வேறு எவனும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான்.

18 மே, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! கிளப்புகளுக்கு இடையிலான இரட்டையர் போட்டியில் அரையிறுதி. கடைசிச் சிவப்புப் பந்தை அவன்தான் குழியில் போட்டான். எல்லார் முன்னாலும் கியூவைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு டாக்டரு ஷஃபீக்கு பாய்தான்" என்றான். கைதட்டினார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

கியூவை அவன் இடது கையால் தூக்கினான். அவன் வலது கைக்காரன்.

24 ஜூன், செவ்வாய்

மறுபடியும் கனமாம். கடைசி போல்ட்டையும் எடுத்துவிட்டேன். இனிமேல் எடுக்க ஒன்றும் இல்லை.

9 ஜூலை, புதன்

லினெட் போன் செய்தாள். "அண்ணே, அவருக்குச் சட்டப் பொத்தான் போட வரல. தண்ணி பாட்டில் மூடியத் தொறக்க முடியல. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றேன்.

படுபாவி. எனக்குத்தான் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

22 ஜூலை, செவ்வாய்

கதிர்காமம் பெரியாஸ்பத்திரிக்கு மூவருமாகப் போனோம். ஸ்கேன் பார்த்தார்கள். கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறதாம். அதனால்தான் கையில் பலம் இல்லை. டாக்டர் சின்ன வயது, பொறுமையாகப் பேசினார்.

"எப்பலேர்ந்து சார் இப்படி இருக்கு?"

தனிஸ்லாஸ் தரையைப் பார்த்தான். "ஒரு ரெண்டு மாசமா" என்றாள் லினெட். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேதி போட்டு எழுதி வைத்திருப்பவன் நான்; பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். பிப்ரவரி பதினொன்று. வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். ஆபரேஷன் செஞ்சா மேல போகாம நிறுத்தப் பாக்கலாம். போன பலம் எவ்ளோ திரும்பும்னு சொல்ல முடியாது."



6 ஆகஸ்ட், புதன்

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறான் என்கிறார்கள்.

30 ஆகஸ்ட், சனி

அரீபாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவருகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லி என்ன ஆகப்போகிறது? கை திரும்புமா? அவனுக்குக் கூட்டாளி என்று இருப்பது நான் ஒருவன், அதையும் பிடுங்குவதா? — இதெல்லாம் அவனுக்காக யோசிக்கிற மாதிரி எழுதுகிறேன். பயம், அவ்வளவுதான்.

14 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துப் போனேன். கழுத்துப் பட்டையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். "மரம் தண்ணி குடிக்கலடா. மொத நாளே எட போட்டேன். கியூ கனம் ஏறவேயில்ல. ஒன் கைதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு என் பக்கம் திரும்பினான்.

"நான் ஒன்கிட்ட கியூவக் காட்ட வரலடா" என்றான். "கையக் காட்டத்தான் வந்தேன். வாயத் தொறந்து கேக்க பயமா இருந்துச்சு. ஒன் மூஞ்சியப் பாத்தேன். நீ சிரிச்சுக்கிட்டே போல்ட்டக் கழட்டுன. சரி, அப்ப ஒண்ணுமில்லன்னு வூட்டுக்குப் போயிட்டேன். மூணு தடவையும் அப்படித்தான்."

லினெட் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கொண்டுவந்த காப்பியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனாள். நியாயம்தான்.

29 செப்டம்பர், திங்கள்

அவன் போனை எடுக்கவில்லை. இன்றும்.

11 அக்டோபர், சனி

அவனே கூப்பிட்டான். "லினெட் பகல்ல ஸ்கூல் வேலைக்குப் போயிடுறா. கைக்குப் பயிற்சி குடுக்க ஆள் இல்ல. வர்றியா?" செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். லினெட் மாலை வாங்கிக்கொண்டு மாமனார் கல்லறைக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அவனும் மட்டும்.

என் இரண்டு விரலைப் பிடித்து அவன் அழுத்த வேண்டும். பத்து எண்ணும்வரை. தினமும் செய்வதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். நெற்றி நரம்பு புடைத்தது, வேர்த்தது.

"எப்படிடா இருக்கு?"

நல்லா ஏறியிருக்குடா என்று சொல்ல வாய் வந்தது.

"போன வாரத்தவிட கம்மிடா" என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுவோம்" என்றான்.

பத்து எண்ணி முடித்த பிறகும் அவன் என் விரலை விடவில்லை. பிடி அவ்வளவு லேசு; பிடித்திருக்கிறான் என்பது குனிந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.