நீயே கேட்டாலும் சொல்லக் கூடாத நம்பர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் அண்ணனும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். நானும் நலம் என்று எழுதப் போனால் கை வரமாட்டேன் என்கிறது. உனக்குக் காய்ச்சல் விட்டதா, தொண்டைக்கட்டு சரியாயிற்றா, அதை முதலில் சொல். உன் புது பேங்க் கார்டைக் கூரியரில் அனுப்ப அப்பா கவரை ஒட்டப் போனார், பிடுங்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ பரவாயில்லம்மா பரவாயில்லம்மா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய்.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கம்பெனி டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே எந்த செக்‌ஷன் ஆள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்பதுவரை சொல்லிவிடுவேன் என்று எவ்வளவு பீற்றியிருப்பேன்! பெற்ற பிள்ளையின் குரல் தெரியவில்லையேடி எனக்கு. உன் பேங்க் கணக்குக்கு என் நம்பரைத்தானே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், அன்றைக்கு மத்தியானம் என் செல்லில் ஓடிபி வந்தது, பின்னாலேயே தெரியாத வெளிநாட்டு நம்பர். கரகரவென்று ஒரு குரல், ஒரே இரைச்சல், அம்மா நான்தாம்மா, பையைப் பறிச்சிட்டாங்கம்மா, பர்ஸு போனு எல்லாம் போச்சு, ஹோட்டல்காரர் போன்ல பேசுறேன், அவர் கம்ப்யூட்டர்லயே ரூமுக்குப் பணம் கட்டிடுறேன், அந்த நம்பரைச் சொல்லும்மா என்று அழுதது. எனக்கு வந்தது பார் கோபம். வெட்கமா இல்ல உனக்கு, என் பொண்ணு பேரைச் சொல்லியே என்கிட்ட திருடப் பாக்குறியா, வை போனை என்று நான் போட்ட சத்தத்தில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனே எழுந்து வந்துவிட்டது. மறுபடி இரண்டு தடவை அடித்தாய், இரண்டு தடவையும் கட் பண்ணினேன். அதோடு விட்டேனா, டீ வந்ததும் அந்த அழுகையை நடித்து வேறு காட்டினேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், மேனேஜர் கை கொடுத்தார். சாயந்திரம் உன் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, ஏம்மா, ரூம் கிடைக்காம பாப்பா மூணு மணி நேரமா காய்ச்சலோட ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்திருக்கா, டிக்கெட் கவுண்டர்ல இருந்த ஒரு அம்மா போன் குடுத்து இப்பதான் என்கிட்ட பேசினா, நீ திட்டிட்டு வச்சிட்டியாமே என்றான். ஐயோ! நாயை விரட்டுவதுபோல விரட்டியிருக்கிறேனே! உன் பள்ளிக்கூடத்தைப் பற்றியாவது ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருக்கக் கூடாதா நான்?

பாஸ்போர்ட்டையாவது இடுப்பில் கட்டியிருந்தாயே, அதைக் காட்டித்தானே அண்ணன் அனுப்பிய பணத்தை வாங்க முடிந்தது. ஆனாலும் இவ்வளவு படித்தவள் இருந்ததையெல்லாம் ஒரே பர்ஸிலா திணித்து வைப்பாய்? இனி ஒரு கார்டு பெட்டியில், ஒன்று உன்னிடம், கொஞ்சம் பணம் சாக்ஸுக்குள். கடையில் கார்டு தேய்க்கும் மெஷின் நம் பணமா அந்த ஊர்ப் பணமா என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்கு, இல்லாவிட்டால் கூடப் பிடிப்பான் என்று அக்கவுண்ட்ஸ்காரர் சொன்னார். அவருக்கும் இப்போது என் முகத்தைப் பார்க்கச் சங்கடம்.

கிளம்பும்போது ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாயே, ஓடிபி நம்பரை யாருக்கும் சொல்லாதே, நானே கேட்டாலும் சொல்லாதே என்று. அவ சொன்னதைத்தானே செஞ்சே என்று அப்பா அதைக் காட்டித்தான் என்னைத் தேற்றுகிறார். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கடைசி வரியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன், நீயே வைத்துக்கொள்.

நல்லபடியாக வேலையை முடித்து நல்லபடியாக வந்து சேர், என் ஆயுசும் சேர்த்து உனக்கே இருக்கட்டும். வெந்நீர் குடிக்க மறக்காதே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதற்கு நீயோ அண்ணனோ என்னோடு சண்டைக்கு வரக் கூடாது. இனிமேல் எவள் கூப்பிட்டு அம்மா என்று அழுதாலும் நான் நம்பரைச் சொல்லிவிடுவேன். திருடியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பணம்தானே போகும்.

இப்படிக்கு,
மூன்று தடவை போனை வைத்த உன் அம்மா