தள்ளிய துருப்பு

பிரீன்ஸ்,
5 நவம்பர் 1956

அன்புள்ள மெல்க்,

நலமாக வந்து சேர்ந்தேன். புரூனிக் கணவாயின் உச்சியில் ரயில்வண்டி நின்றபோது, இறங்கி எதிர்வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடலாமா என்று கதவுவரை சென்றேன். கைப்பிடியில் கை வைத்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. இங்கோ, வந்த நாள் முதல் மலையிறங்கும் வெப்பக்காற்று ஓயவில்லை. சன்னற்கதவுகள் அடித்துக்கொள்கின்றன, ஏரி ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது, நானும் அப்படியே. அப்பா செதுக்கிக்கொண்டிருந்த மரக்கரடியிலிருந்து கண்ணெடுக்காமல், "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவே.

சீட்டில் தோற்றதற்காக நான் கணவன் வீட்டை விட்டு வந்தேன் என்று லுங்கேர்ன் முழுவதும் பேசுவார்கள். நீங்களாவது அப்படி எண்ணவேண்டாம்.

அன்று திருப்பலி முடிந்து விடுதி மேசையில் அமர்ந்தோம். எதிரணியில் உங்கள் அண்ணன் பால்த்ஸும் பாலாடைக்கட்டிக்காரரும். துருப்பைச் சொல்லும் முறை உங்களுடையது. ஒரு நொடியும் எண்ணாமல் "தள்ளுறேன்" என்றீர்கள். துருப்பைச் சொல்லும் பொறுப்பு உங்கள் கூட்டாளியான என் தலையில் விழுந்தது. கேடயம் என்றேன். கேடயத்தின் கீழாள் என் கையில் இருக்கிறான், துருப்பில் அவனை வெல்ல ஆளில்லை என்று நம்பினேன். ராணி படம் உள்ள எங்கள் ஊர்க் கட்டோடு வளர்ந்த கண் இது. மீசை வைத்த இருவரில், குறி மேலே நின்றால் மேலாள், தாழ நின்றால் கீழாள் என்பதை அந்த அவசரத்தில் மறந்தது. நான் இறக்கியது மேலாளை. உண்மையான கீழாளை உங்கள் அண்ணன் மெல்ல எடுத்து அதன்மேல் வைத்தார்.

"என்னம்மா, மலைக்கு அந்தப் பக்கம் இதான் ஆட்டமா? எங்க கட்டப் பாரு, ரோசா இருக்கு, மணி இருக்கு, கேடயம் இருக்கு, ஓக்குக் கொட்டைகூட இருக்கு. பொம்பள மட்டும் கெடையாது. அதான் நிம்மதியா ஆடுறோம்" என்றார்.

விடுதியே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், எங்கள் ஊரில் இதைவிடக் கூர்மையாகப் பேசுவார்கள். ஆனால் அவர் உங்கள் பக்கம் திரும்பி, "ஏண்டா மெல்க், இவள எதுக்கு மேசைக்குக் கூட்டியாந்த?" என்று கேட்டார். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவளையே கேளுண்ணே" என்றீர்கள்.

நான் மறுநாள் காலை வண்டி ஏறியது அந்த இரண்டு சொல்லுக்காக.

உங்கள்
வெரேனா


லுங்கேர்ன்,
11 நவம்பர் 1956

என் அன்பு வெரேனா,

உன் மடலை மார்பில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் மரம் அறுத்தேன். இங்கே முதற்பனி விழுந்துவிட்டது. பழுப்புப் பசு கன்று ஈன்றிருக்கிறது. நெற்றியில் வெள்ளைச்சுட்டி, உன்னைக் கண்டால் ஓடிவரும் சாதி. நீ பின்னி முடிக்காத காலுறை சன்னலோரம் ஊசியோடு கிடக்கிறது; எடுத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதுதான். அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியும். வாய் அப்படி, மனம் வேறு. நடுவில் நான் என்ன செய்ய?

ஒரு செய்தி சொன்னால் சிரிப்பாய். மைரிங்கனுக்குப் பலகை கொண்டுபோன இடத்தில் உங்கள் பக்கத்துச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கிவந்தேன். ஆலையில் ஓய்வு கிடைத்தால் விரித்துப் பார்க்கிறேன். ரோசாவுக்கு ஆட்டீன் என்று வைத்துக்கொண்டேன். மற்றவற்றுக்கு எது எதற்கு இணை என்று இன்னும் பிடிபடவில்லை. உங்கள் ராணிகள் நால்வரும் ஒரே ஜாடை. எனக்கு நால்வரும் நீயாகத் தெரிகிறார்கள். அண்ணன் பார்த்துவிட்டு, "என்னடா, பொம்பளப் படம் பாத்துட்டு உக்காந்திருக்க?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

எப்போது வருகிறாய்? உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. உன் விருப்பம்.

என்றும் உன்
மெல்க்


பிரீன்ஸ்,
18 நவம்பர் 1956

அன்புள்ள மெல்க்,

ராணிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்து மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. அடுத்த வரியில் "நானும் சிரித்துவைத்தேன்" என்று கண்டேன். தாளை மடித்துவைத்து ஏரிக்கரையில் இருட்டும்வரை நடந்தேன்.

"உன் விருப்பம்." இந்தச் சொல்லை இனிமையானதென்று எண்ணி எழுதுகிறீர்கள். நம் திருமணத்தை எந்தத் தேவாலயத்தில் நடத்துவது? உன் விருப்பம். உங்கள் அண்ணன் வீட்டிலேயே வாழ்வதா? உன் விருப்பம். நான் கத்தோலிக்க மணத்துக்கு இசைந்தபோது பெர்ன் நாட்டுப் புராட்டஸ்டண்டு உறவெல்லாம் என்னைத் தூற்றியது. உங்கள் அண்ணன் வீட்டுக்கு இசைந்தபோது அடுப்படியில் எனக்கொரு ஆணிகூடச் சொந்தமாயில்லை. முடிவு என்னுடையது, பழி என்னுடையது. நீங்களோ நடுவில் நிற்கிறீர்கள். அங்கே உங்களுக்கு ஒரு காயமும் படவில்லை.

ஆகவே கேளுங்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஸ்பேடும் கிளாவரும்; அந்தப் பக்கம் மணியும் கேடயமும். எங்களுக்கு ராணி, உங்களுக்கு மேலாள். ஆயினும் இரு கட்டுக்கும் பொதுவாக ஒரு விதி இருக்கிறது. துருப்பைச் சொல்ல முடியாதவர் எதிரே அமர்ந்த கூட்டாளிக்குத் தள்ளலாம். தள்ளப்பட்டவர் சொல்லியே ஆகவேண்டும். கை எவ்வளவு மோசமாயிருந்தாலும் திருப்பித் தள்ள முடியாது.

இம்முறை நான் தள்ளுகிறேன்.

வழி மூன்று. தேவாலயத்துக்குக் கீழே கத்ரீன் அம்மாள் தம் மாடியை வாடகைக்கு விடுகிறார். அங்கே நாமிருவரும் குடிபோகலாம். அல்லது நீங்கள் இங்கே வரலாம். அப்பா நல்ல மரம் அறிந்த ஆளுக்குத் தவிக்கிறார். அல்லது, "உன் இடம் என் அண்ணன் வீடுதான், திரும்பி வா" என்று எழுதலாம். மூன்றாவதைச் சொன்னாலும் வருவேன், மெல்க். முகம் சுளிக்காமல் வருவேன். அது உங்கள் சொல்லாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே என் வேண்டுகோள்.

செதுக்குப் பட்டறையில் என்னை வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். டிசம்பர் இரண்டாம் நாள், கிறிஸ்துமஸை எதிர்நோக்கி முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் ஞாயிறன்று, விடை சொல்வதாகக் கூறியிருக்கிறேன். அதற்குள் துருப்பைச் சொல்லுங்கள்.

காத்திருக்கும்
வெரேனா


லுங்கேர்ன்,
28 நவம்பர் 1956

என் உயிரான வெரேனா,

எட்டு நாளாக உறக்கமில்லை. மூன்று மடல் எழுதிக் கிழித்தேன். கத்ரீன் அம்மாளின் மாடியைப் போய்ப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், ஏரி தெரிகிறது. படியிறங்கும்போது, அண்ணன் தனியாக ஆலையை என்ன செய்வார் என்று தோன்றியது. பிரீன்ஸ் வரவும் எனக்குத் தடையில்லை. ஆனால் உன் அப்பா என்ன நினைப்பார்? நீ இங்கேயே வந்தால் எல்லாம் எளிது; ஆனால் உன்னை வற்புறுத்தினேன் என்ற சொல் எனக்கு வேண்டாம்.

கடைசியில் அண்ணனிடமே உன் மடலைப் படித்துக்காட்டினேன். "நான் என்ன பண்ணட்டும்ணே?" என்றேன். அவர் புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். பிறகு, "எங்கிட்ட எதுக்குடா கேக்குற? ஒங்கிட்டதான தள்ளியிருக்கா, நீ சொல்லு" என்று எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கும் வருத்தம்தான்.

உன்னைத் துன்புறுத்தும் எதையும் என் வாய் சொல்லாது, வெரேனா. எனக்கு நீ மகிழ்ந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆகவே மூன்றில் உனக்கு எது நலமென்று படுகிறதோ அதை நீயே சொல்லிவிடு. மறு பேச்சின்றி ஏற்பேன்.

என் சீட்டுக்கட்டிலிருந்து ஆட்டீன் ராணியை இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் உன்னோடு இருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
மெல்க்


பிரீன்ஸ்,
3 டிசம்பர் 1956

மெல்க்,

உங்கள் மடல் வெள்ளியன்று கிடைத்தது. ஞாயிறு மாலைவரை பொறுத்திருந்தேன். அதற்குள் இன்னொரு மடல் வரலாம், அல்லது வண்டியிலிருந்து நீங்களே இறங்கலாம் என்று. இரண்டு முறை நிலையத்துக்குப் போனேன். அப்பா மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, "வந்தானா?" என்றார். "இல்லப்பா" என்றேன். "அப்ப நீ சொல்லிரு" என்றார்.

உங்கள் அண்ணனைப் பற்றி நான் இவ்வளவு நாள் எண்ணியிருந்தது தவறு. அவர் முரடர், ஆனால் ஆட்டம் தெரிந்தவர். அவரிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள். அன்று மேலாளைக் கீழாள் என்று எண்ணியது என் கண்ணின் பிழை. அவர் வென்றது நேர்மையான வெற்றி.

நீங்கள் திருப்பித் தள்ளிவிட்டீர்கள். அதற்கு உங்கள் கட்டிலும் இடமில்லை, எங்கள் கட்டிலும் இடமில்லை. ஆதலால் சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைக்கிறேன்.

பட்டறையில் இன்று காலை சேர்ந்துவிட்டேன். சன்னலோரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலுறையிலிருந்து ஊசிகளை உருவி, கத்ரீன் அம்மாளிடம் கொடுங்கள். அவர் முடித்துத் தருவார். பனி கூடுகிறது, கால் ஈரத்தோடு ஆலையில் நிற்காதீர்கள்.

ராணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவளில்லாமல் அந்தச் சீட்டுக்கட்டில் யாரும் ஆட முடியாது. அண்ணனுக்கும் உங்களுக்கும் குளிர்காலம் நெடிது.

வெரேனா